கோட்டையிலிருந்து முந்நூறு மீட்டர்

வேலூர் என்றதும் பள்ளிப் பாடம் சிப்பாய்கள் கலகம் செய்த 1806 ஜூலை 10-ஐ நினைவுபடுத்தும். கோட்டையை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்கோ அதைவிட முக்கியமான தேதி ஒன்று உண்டு: 1992 ஜூன் 16. அன்று கலகம் எதுவும் நடக்கவில்லை, டெல்லியில் ஓர் அறிவிக்கை வெளியானது, அவ்வளவுதான். மத்திய அரசின் பாதுகாப்பில் இருக்கும் ஒவ்வொரு நினைவுச்சின்னத்தைச் சுற்றியும் 100 மீட்டர் வரை புதிதாக எதுவும் கட்டக் கூடாது, அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும் என்றது அது. இன்றும் கோட்டைப் பக்கத்து வீடொன்றில் ஒழுகும் தளத்தைப் பிரிக்க மேஸ்திரியை அழைப்பதற்கு முன் கேட்டாக வேண்டிய முதல் கேள்வி, அந்த வீடு அந்தத் தேதிக்கு முன் எழுந்ததா, பின் எழுந்ததா என்பதுதான்.

கோட்டை 16-ஆம் நூற்றாண்டினது. விஜயநகரத்தின் கீழிருந்த நாயக்கர்கள் கட்டியது. 133 ஏக்கர் பரப்பு, சுற்றிலும் அகழி. பீஜப்பூர்க்காரர்கள், மராத்தியர்கள், மொகலாயர்கள், ஆற்காட்டு நவாபுகள், கடைசியில் கிழக்கிந்தியக் கும்பினிக்காரர்கள் என்று கைமாறிக்கொண்டே வந்தது. ஸ்ரீரங்கப்பட்டணம் 1799-ல் விழுந்த பிறகு திப்புவின் குடும்பத்தாரை இங்கேதான் கொண்டுவந்து வைத்தார்கள். கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்ரம ராஜசிங்கனும் இந்த மதிலுக்குள் சிறையிருந்து 1832-ல் வேலூரிலேயே இறந்தார். உள்ளே ஜலகண்டேசுவரர் கோயில், மசூதி, தேவாலயம், அருங்காட்சியகம். இவ்வளவு வரலாற்றையும் சுமந்துகொண்டு அது ஊருக்கு வெளியே ஒதுங்கி நிற்கவில்லை. எதிரிலேயே பழைய பஸ் ஸ்டாண்ட், கூப்பிடு தூரத்தில் லாங் பஜார், ஆபீசர்ஸ் லைன், சி.எம்.சி. மருத்துவமனை. வைத்தியத்துக்காக வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்து மாதக்கணக்கில் தங்குகிற குடும்பங்களை நம்பி எழுந்த லாட்ஜுகள் வேறு. ஓர் அடி இடம்கூட விலை போகிற ஊரில், ஒரு கோட்டை தன்னைச் சுற்றி முந்நூறு மீட்டருக்கு ஆணை செலுத்துகிறது.

கோட்டைக்கு முன்னால் வீடு கட்டாதே என்ற விதி தொல்லியல் துறை கண்டுபிடித்ததல்ல. பீரங்கி வந்த நாளிலிருந்தே அது உண்டு. 1758 டிசம்பரில் லாலி தலைமையில் பிரெஞ்சுப் படை சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபோது, கோட்டையை ஒட்டியிருந்த கறுப்பர் நகரத்து வீடுகள் முற்றுகையிட்டவர்களுக்கு மறைவிடமாகப் பயன்பட்டன. 1759 பிப்ரவரியில் முற்றுகை விலகியது. பாடம் கற்றுக்கொண்ட கும்பினி, அந்த வீடுகளை இடித்துத் தள்ளி, பீரங்கிக்கு முன் மைதானமாக்கியது. மறுபடியும் யாரும் சுவர் எழுப்பிவிடாமலிருக்க எல்லையில் ஆறு தூண்களை நட்டது. அவற்றில் ஒன்று, 1773 ஜனவரி 1 என்ற தேதியோடு, பாரிமுனையில் டேர் ஹவுஸ் பக்கத்தில் இன்னும் நிற்கிறது. அந்தத் தூணுக்கும் கோட்டை மதிலுக்கும் இடையே கட்டடம் கூடாது என்பதே அது சொன்ன சேதி. தமிழ்நாட்டில் இன்றும் கண்ணால் பார்க்கக் கிடைக்கிற மிகப் பழைய கட்டுமானத் தடை அறிவிப்புகளில் அது ஒன்றாக இருக்க வேண்டும். பஸ்ஸுக்கு நிற்பவர்கள் அதைப் பார்ப்பதில்லை என்பது வேறு விஷயம்.

வேலூர்க் கலகமேகூட ஒருவகையில் வெளித்தோற்றத்தைப் பற்றிய தகராறுதான். நெற்றியில் குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, மீசையும் தாடியும் சொன்னபடி இருக்க வேண்டும், பழைய தலைப்பாகைக்குப் பதில் புதுத் தலைப்பாகை என்று சிப்பாய்களுக்கு உத்தரவு போனது. அந்தத் தலைப்பாகையில் தோலால் ஆன குஞ்சம் ஒன்று இருந்தது. பின்னாளில் தோல் தொழிலால் பிழைக்கப்போகும் வட்டாரத்தில் ஒரு தோல் துண்டு தூண்டிவிட்ட கலகம் அது. உள்ளே இருப்பவனைக் கேட்காமல் அவன் தோற்றத்தை மேலிடம் தீர்மானித்தால் என்ன ஆகும் என்பதைச் சென்னை கவர்னர் வில்லியம் பெண்டிங்கும் தளபதி கிரடாக்கும் பதவியிழந்து தெரிந்துகொண்டார்கள்.

கோட்டை போர்க் கருவியாக இருந்த காலம் முடிந்து, பார்க்க வேண்டிய பொருளாக ஆனதற்குச் சட்ட வடிவம் தந்தவர் வைஸ்ராய் கர்சன். 1904-ல் அவர் காலத்தில் வந்தது பழமைச் சின்னப் பாதுகாப்புச் சட்டம். சுதந்திர இந்தியா 1958-ல் புதுச் சட்டம் இயற்றி, 1959-ல் விதிகளை வகுத்தது. அந்த விதிகளின் கீழ்தான் 1992-ஆம் ஆண்டு அறிவிக்கை. ஆனால், நம் ஊர்களில் எந்தத் தடைக்கும் பக்கத்திலேயே ஒரு சந்து திறப்பது வழக்கம். தொல்லியல் துறை ஒரு நிபுணர் குழுவை வைத்து, அதன் பரிந்துரையின் பேரில் 100 மீட்டருக்குள்ளேயே கட்ட அனுமதி கொடுத்துக்கொண்டிருந்தது. சட்டத்தில் இல்லாத அதிகாரம் இது என்று 2009 அக்டோபரில் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. உடனே 2010 ஜனவரியில் அவசரச் சட்டம், மார்ச்சில் திருத்தச் சட்டம். அதுவரை அறிவிக்கையில் இருந்த 100, 200 என்ற எண்கள் அன்றிலிருந்து சட்டத்தின் உடம்பிலேயே ஏறிவிட்டன. அனுமதிகளை ஆராயத் தேசிய நினைவுச்சின்ன ஆணையம் என்று தனி அமைப்பும் உருவானது. மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இதில் வீட்டுக்காரருக்குப் புரிய வேண்டியவை இரண்டே: எந்த வட்டத்தில் இருக்கிறோம், என்ன செய்யப்போகிறோம். 100 மீட்டருக்குள் என்றால் புது வீட்டுக்கு இடமே இல்லை. 1992 ஜூன் 16-க்கு முன்பே இருந்த வீட்டைப் பழுதுபார்க்கலாம், புதுப்பிக்கலாம்; அதற்கும் அனுமதி வேண்டும். இடித்துவிட்டு அதே அளவில் திரும்பக் கட்டுவதுகூட அங்கே முடியாது. அடுத்த 200 மீட்டரில் புதுக் கட்டுமானம், மறுகட்டுமானம், பழுது எல்லாவற்றுக்கும் வாய்ப்பு உண்டு, அனுமதி கிடைத்தால். தூரத்தை அளப்பது மதிலிலிருந்து அல்ல, பாதுகாக்கப்பட்ட எல்லையின் விளிம்பிலிருந்து. மதிலிலிருந்து டேப் பிடித்துப் பார்த்துவிட்டு 'நமக்கு இல்லை' என்று நிம்மதியாக இருப்பவர் ஏமாறக்கூடும்.

பழுதுபார்ப்பதற்கும் மறுகட்டுமானத்துக்கும் நடுவில் ஒரு கோடு இருக்கிறது. காகிதத்தில் அது நேராகத்தான் தெரியும். பழைய வீட்டின் மாடியில் ஏறிப் பார்த்தால்தான் எவ்வளவு வளைகிறது என்று தெரியும்.

பழைய பஜார்த் தெரு வீடுகளின் மேல்தளத்தை மெட்ராஸ் டெரஸ் என்பார்கள். சுவரிலிருந்து சுவருக்குத் தேக்கு உத்திரங்கள். அவற்றின் மேல் நெருக்கமாக மரச் சட்டங்கள். சட்டத்தின் மேல் கைக்கடக்கமான மெல்லிய செங்கல்லைப் படுக்கவைக்காமல் குத்துக்கல்லாக, சாய்ந்த வரிசையில் சுண்ணாம்புச் சாந்து வைத்து ஒட்டுவார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்குவார்கள். அடிக்கும்போது தெளிப்பது கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர். கடைசியாகத் தட்டோடு பதித்தால் தளம் தயார். இந்த வட்டாரத்துத் தோல் பதனிடும் ஷாப்பில் முடி நீக்கச் சுண்ணாம்புக் குழி, பதனிட ஆவாரம் பட்டையும் கடுக்காயும். முதலாளி வீட்டுக் கூரைக்கும் அதே சுண்ணாம்பு, அதே கடுக்காய். பாலாற்றங்கரையில் ஒரு தலைமுறை இந்த இரண்டு சரக்கையும் வைத்துத் தொழிலையும் நடத்தியது, வீட்டையும் கட்டியது.

இந்தத் தளம் ஒழுகத் தொடங்கினால் சுண்ணாம்பு வைத்து அடைக்கத் தெரிந்த கொத்தனார் இன்று கிடைப்பது அபூர்வம். வருகிறவர் சிமென்ட் பூசுவார். சிமென்டுக்குக் கீழே தங்கிய ஈரம் வெளியேற வழியில்லாமல், சுவருக்குள் செருகியிருக்கும் உத்திர முனையை மெல்ல உளுத்துப்போகச் செய்யும். நாலு மழைக்காலம் கழித்து ஒரு சட்டம் தொங்கும். அப்போது மேஸ்திரி சொல்லும் வார்த்தை தமிழ்நாடு முழுக்க ஒன்றுதான்: "இதுக்கு மேல தாங்காது பாய், பிரிச்சிட்டு காங்கிரீட் போட்டுக்கலாம்."

பிரித்துவிட்டு காங்கிரீட் போடுவது பழுதுபார்ப்பா, மறுகட்டுமானமா? இருக்கிற கட்டடத்தில் செய்யும் மாற்றம் பழுதுபார்ப்பு. கட்டுமானமோ மறுகட்டுமானமோ அதில் அடங்காது என்கிறது சட்டம். முன்பிருந்த அதே நீள அகல உயரத்துக்குள் திரும்ப எழுப்புவது மறுகட்டுமானம் என்கிறது. சுவர் நாலும் நிற்க, தளம் மட்டும் மாறினால் முதல் வகை என்று வாதாடலாம். ஆனால், காங்கிரீட் தளத்தின் பாரத்தை மண்சாந்தில் கட்டிய பழைய சுவர் தாங்காது என்று இன்ஜினீயர் சொல்லி, தூண் எழுப்பி, சுவரையும் பிரித்துவிட்டால்? ஒழுகல் அடைக்கக் கேட்ட அனுமதி, வீட்டையே மாற்றிவிடும். 100 மீட்டருக்குள் இருப்பவருக்கு இது சிறைத் தண்டனை வரை போகக்கூடிய வேறுபாடு.

விண்ணப்பத்துக்கு இப்போது இணையதளம் உண்டு. பத்திரம், மனைப் படம், கட்டட வரைபடம், வீட்டின் புகைப்படங்கள், நினைவுச்சின்னத்திலிருந்து தூரம் காட்டும் படம் எல்லாம் வேண்டும். முதலில் அந்த மாநிலத்துக்கென நியமிக்கப்பட்ட தகுதியுள்ள அதிகாரி விண்ணப்பத்தைப் பெற்று 15 நாளில் ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். ஆணையம் இரண்டு மாதத்துக்குள் பரிந்துரை தர வேண்டும். அதன் பின் ஒரு மாதத்துக்குள் அதிகாரி முடிவு சொல்ல வேண்டும். சட்டம் வகுத்த கணக்கு இது. கிடைக்கிற அனுமதியில் மொத்த உயரம் மீட்டரில் எழுதப்பட்டு, மாடிப்படி அறை, கைப்பிடிச் சுவர், தண்ணீர்த் தொட்டி எல்லாம் உட்பட என்றும் சேர்த்திருக்கும். மொட்டை மாடியில் வைக்கிற கறுப்பு சின்டெக்ஸ் தொட்டிகூடக் கணக்கில் வந்துவிடும். இதை வாங்கிய பிறகு மாநகராட்சிக் கட்டட அனுமதி தனி.

உயரத்தை அளக்கிறார்கள், தூரத்தை அளக்கிறார்கள். வீட்டின் முகத்தை யார் பார்க்கிறார்கள்?

நம் ஊரில் அதற்குப் பெயர் எலிவேஷன். திண்ணையை இடித்துக் கடை ஷட்டர் போடுவது, மரத்தூணை எடுத்துவிட்டு கிரானைட் ஒட்டுவது, ஜன்னலை மறைத்துப் பளபளக்கும் அலுமினியத் தகடு அடிப்பது எல்லாம் எலிவேஷன் வேலைதான். 2010 திருத்தம் இதை மறந்துவிடவில்லை. ஒவ்வொரு சின்னத்துக்கும் தனித்தனியே பாரம்பரியத் துணைவிதிகள் எழுத வேண்டும், அதில் கட்டடங்களின் முகப்பு, எலிவேஷன், வடிகால், சாலை, மின்கம்பம் வரை அடங்க வேண்டும் என்று தெளிவாகவே சொல்கிறது. நல்ல யோசனை. ஆனால், மத்தியப் பாதுகாப்பில் நாடு முழுக்க 3,600-க்கும் மேற்பட்ட சின்னங்கள் இருக்க, பத்தாண்டு கழிந்தும் சொற்பமானவற்றுக்கே துணைவிதிகள் இறுதி வடிவம் பெற்றன. துணைவிதி இல்லாத இடத்தில் மிஞ்சுவது டேப் மட்டும். தாஜ்மகாலுக்கும் அதே 100, 200. வேலூர்க் கோட்டைக்கும் அதே. ஆற்காட்டில் பழைய கோட்டையின் மிச்சமாக நிற்கும் டெல்லி கேட் என்ற ஒற்றை வாசலுக்கும் அதே. பொன்னையாற்றங்கரை மேல்பாடியில், அரிஞ்சயனின் நினைவாக முதலாம் ராஜராஜன் எடுப்பித்த சோழேசுவரத்துக்குப் பக்கத்துக் கூரை வீட்டுக்காரருக்கும் அதேதான்.

உலகில் வேறு இடங்களில் இந்தக் கேள்வியை வேறுவிதமாகக் கேட்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரம் 1931-லேயே பழைய நகரத்தின் ஒரு பகுதியை வரைபடத்தில் குறித்து, அங்குள்ள வீடுகளின் வெளிப்புற மாற்றங்களுக்கு ஒப்புதல் தர ஒரு குழுவை நியமித்தது. வீட்டுக்குள் நீ என்ன செய்தாலும் சரி, தெருவுக்குத் தெரிவதை மட்டும் எங்களிடம் காட்டு என்பது அந்த ஏற்பாட்டின் சாரம். பிரான்ஸ் 1943-ல் நினைவுச்சின்னத்தைச் சுற்றி 500 மீட்டர் என்று நம்மைவிடப் பெரிய வட்டம் போட்டது. ஆனால், அங்கே கட்டாதே என்று யாரும் சொல்லவில்லை. அரசு நியமித்த கட்டடக் கலைஞர் ஒருவர் அந்த வட்டத்துக்குள் நடக்கும் மாற்றம் சின்னத்தோடு சேர்ந்து கண்ணில் படுகிறதா, படுமானால் உறுத்துகிறதா என்று பார்த்துக் கருத்துச் சொல்வார். பின்னாளில் அந்த வட்டத்தையும் இடத்துக்கேற்ற எல்லையாக மாற்றிக்கொள்ள வழி செய்தார்கள். சிங்கப்பூர் 1989 ஜூலை 7 அன்று லிட்டில் இந்தியா உள்ளிட்ட பகுதிகளைப் பாதுகாப்புப் பகுதிகளாக அறிவித்தது. சிராங்கூன் சாலைப் பக்கத்துக் கடைவீடுகளின் கூரை ஓடு, மர ஜன்னல், சுதை வேலைப்பாடு, முன்புறத்து ஐந்தடி நடைபாதை வரை எதை எப்படி மாற்றலாம் என்று அங்கே எழுதிய வழிகாட்டி இருக்கிறது. நகைக்கடை வைத்திருக்கும் தமிழருக்கும் அது பொருந்தும். கடையும் நடக்கிறது, தெருவும் முகம் மாறாமல் இருக்கிறது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். புதுச்சேரியின் வைசியாள் தெருவில் 2000-களின் தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு இன்டாக் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பு தமிழ் வீடுகளின் முகப்புகளைச் சீரமைத்தது. திண்ணை, தாழ்வாரத் தூண், ஓட்டுச் சரிவு எல்லாம் மீண்டன. வீட்டுக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு செய்த வேலை அது. 2008-ல் யுனெஸ்கோ விருதும் கிடைத்தது. சட்டத்தின் மிரட்டல் இல்லாமல் ஒரு தெருவே தன் முகத்தை மீட்டுக்கொண்ட உதாரணம் தமிழ் மண்ணில் வேறு எளிதில் கிடைக்காது. அதே புதுச்சேரியில் 2014 நவம்பர் மழையில் 19-ஆம் நூற்றாண்டு நகராட்சி மன்றமான மேரிக் கட்டடம் இடிந்து விழுந்ததையும் மறக்க முடியாது. பணமும் கவனமும் போகாத கட்டடத்தை எந்த விருதும் தாங்கிப்பிடிக்கவில்லை.

வேலூரில் அனுமதி பற்றிய மிகப் பெரிய தகராறு வீட்டைப் பற்றியதல்ல, கோயிலைப் பற்றியது. கோட்டைக்குள் ஜலகண்டேசுவரர் கோயில் பல நூற்றாண்டாக மூலவர் இல்லாமல், பூஜை இல்லாமல் கிடந்தது; பின்னர் தொல்லியல் துறையின் சின்னமாக மட்டும் இருந்தது. 1981 மார்ச் 16 அன்று சத்துவாச்சாரியில் வைத்திருந்த லிங்கத்தைக் கொண்டுவந்து கருவறையில் வைத்துவிட்டார்கள். விதிமீறல் என்று தொல்லியல் துறை எதிர்த்தது. வழிபாடு நிற்கவில்லை. இன்றும் அது துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். கூடவே நாள்தோறும் கூட்டம் வரும் கோயில். ஊரே திரண்டு செய்த மாற்றத்தின் முன் விதி பின்வாங்கியது. தனி ஆள் ஒருவர் மாடியில் ஓர் அறை எழுப்பினால் நோட்டீஸ் வரும். நியாயமா என்றால், இல்லை. நடைமுறை அதுதான்.

அளவுகோலோடு வாழ்வது இந்த வட்டாரத்துக்குப் புதிதுமல்ல. பாலாறு உள்ளிட்ட நீர்நிலைகளிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் மாசுபடுத்தும் தொழிற்சாலைகள் புதிதாக வரக் கூடாது என்று 1989 மார்ச் 30 தேதியிட்ட 213-ஆம் எண் அரசாணை சொன்னது. வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை உறுதிசெய்து, தோல் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதமும் விதித்தது. ஆக, ஆற்றிலிருந்து ஒரு டேப், கோட்டையிலிருந்து ஒரு டேப். தோல் ஷாப்பின் கழிவுக்கு ஒரு கிலோமீட்டர் விதித்ததில் காரணம் தெளிவு. கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. கோட்டைக்கான முந்நூறு மீட்டரில் அந்தத் தெளிவு இல்லை. மதிலுக்கு எதிரே மறைத்துக்கொண்டு எழும் ஐந்து மாடியையும், பின்தெருவில் யார் கண்ணிலும் படாத குளியலறைச் சுவரையும் ஒரே வரிசையில் நிற்கவைக்கிறது.

இன்னும் வேடிக்கை, வட்டத்துக்கு வெளியே நடப்பது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் ஊர்களில் தோல் வியாபாரம் சம்பாதித்துக் கொடுத்த பணத்தில் எழுந்த பழைய வீடுகள் இன்னும் சில நிற்கின்றன. பதனிட்ட தோலைச் சென்னைப் பெரியமேட்டுக்கு அனுப்பி, அங்கிருந்து லண்டன் ஏலத்துக்குக் கப்பலேற்றிய குடும்பங்களின் வீடுகள். 1970-களில் பச்சைத்தோலுக்கும் அரைகுறையாகப் பதனிட்ட தோலுக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு வந்த பிறகு, தொழில் முழுமையாகப் பதனிட்ட தோலுக்கும் ஷூவுக்கும் மாறியது. கொஞ்சம் கொஞ்சமாக வீட்டின் தேவையும் மாறியது. கூட்டுக் குடும்பம் பிரிந்தது, பாகம் போட்டார்கள், முற்றத்தின் நடுவே சுவர் வந்தது. இந்த வீடுகள் எந்தச் சின்னத்தின் முந்நூறு மீட்டருக்குள்ளும் வராதவரை, முகப்பைப் பிய்த்தெறிய எந்த ஆணையத்தின் ஒப்புதலும் தேவையில்லை. நகராட்சி கேட்பது செட்பேக்கும் வரி பாக்கியும்தான்.

சென்னையில் இருந்திருந்தால் கதை கொஞ்சம் வேறு. அண்ணா சாலையில் 1897-ல் எழுந்த பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை அதன் உரிமையாளரான எல்.ஐ.சி. 2006-ல் இடிக்கத் தொடங்கியபோது இன்டாக் நீதிமன்றம் போனது. 2010-ல் சென்னை உயர் நீதிமன்றம் இடிக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கோடு பாரம்பரியக் கட்டடப் பட்டியலுக்கும், அதில் உள்ளவற்றின் மாற்றங்களை ஆராயும் குழுவுக்கும் ஒரு கனம் வந்தது. ஆனால், அந்தக் குழுவின் எல்லை சென்னைப் பெருநகரோடு முடிகிறது. மற்ற ஊர்களுக்கும் சேர்த்து 2012-ல் தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் நிறைவேறியது. அது நடைமுறைக்கு வந்தது 2024 மார்ச்சில். நடுவில் கழிந்த பன்னிரண்டு ஆண்டுகளில் இந்த வட்டாரத்தில் எத்தனை முகப்புகள் கிரானைட்டுக்குள் போயின என்பதற்குக் கணக்கு வைக்க ஒரு பட்டியல்கூட இருக்கவில்லை.

வீட்டுக்காரர்களைக் குறைசொல்லிப் பயனில்லை. தேக்கு உத்திரத்தை மாற்ற ஆகும் செலவு அவர் பையிலிருந்து போகிறது, அழகை ரசிப்பவர் தெருவில் போகிறவர். மும்பை 1995-லேயே கட்டடங்களைத் தரம் பிரித்து, எதில் எவ்வளவு மாற்றலாம் என்று விதி வகுத்தது. முதல் தரத்தில் கைவைப்பது கடினம், மூன்றாம் தரத்தில் உள்ளே தாராளம், வெளியே மட்டும் கவனம். அந்த மாதிரி நெகிழ்வு இல்லாமல் எல்லாவற்றுக்கும் ஒரே தடை போட்டால், விதி வரும் என்று கேள்விப்பட்ட ராத்திரியே வீட்டை இடித்துவிடுவார்கள். அதுவும் நடந்திருக்கிறது, பல ஊர்களில்.

செய்ய வேண்டியதில் பெரிய மந்திரம் எதுவும் இல்லை. வேலூர்க் கோட்டைக்குத் தொல்லியல் துறை தருகிற துணைவிதி, மதிலுக்கு எதிரே நிற்கும் முகப்பையும் பின்சந்து வீட்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒழுகும் தளத்துக்கு மூன்றரை மாதக் காத்திருப்பு என்ற நிலை போய், சிறு பழுதுகளுக்கு வேலூரிலேயே முடிவு கிடைக்க வேண்டும். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் முதல் தேவை பட்டியல். வேலூர் ஊரிசு கல்லூரி, வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி போன்ற நூறாண்டு கண்ட நிறுவனங்களின் மாணவர்கள் கேமராவும் டேப்புமாக ஒரு கோடை விடுமுறையைச் செலவிட்டால் அந்த வேலை தொடங்கிவிடும். வீட்டுக்காரர் பெயர் வேண்டாம்; தெரு, கட்டிய காலம், தூண், கதவு, தளம் ஆகியவற்றின் விவரம் போதும். அதைக் கேட்டு வாங்கி மாநில ஆணையத்தின் மேசைக்கு அனுப்ப வேண்டிய பொறுப்பு நகராட்சிகளுடையது. அடுத்த மழைக்காலத்துக்கு முன் அவை அதைச் செய்யட்டும்.